டிக்கட் புத்தகத்தைப் பிள்ளையின் பையில் வைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமல் "சரியாச் சொன்னீங்க டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எனக்கு லைக் தேவையில்லை. சனிக்கிழமை கூட்டத்துக்கு ஆட்கள் தேவை.

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிறைவேற்றுக் குழு போன கிழமை கூடியது. ஆசிரியர் பக்கத்திலிருந்து நானும் இருந்தேன். மூன்று தேவைகள் மேசைக்கு வந்தன. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் இரண்டுக்குக் கதவில்லை, ஒன்றில் குழாய் உடைந்து கிடக்கிறது. அதற்கு 110,000 ரூபாய். மேல்தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டது, அதற்கு 65,000. வினாத்தாள் அடிக்கும் ரிசோ மெஷின் இனித் திருத்த முடியாதாம், பாவித்த மெஷின் ஒன்று வாங்க 175,000. கூட்டினால் மூன்றரை இலட்சம்.

எப்படிச் சேர்ப்பது என்று பேச்சு வந்ததும் ஒருவர் சொன்னார், டிக்கட் புத்தகம் அடிப்போம் என்று. 100 ரூபாய் டிக்கட் 20 கொண்ட புத்தகம், பிள்ளைக்கு ஒன்று. குலுக்கல் வைத்து முதல் பரிசாக சைக்கிள். 412 பிள்ளைகள். அரைவாசி விற்றாலே 412,000. பரிசுச் செலவையும் அச்சுக் கூலியையும் கழித்தாலும் தேவைக்குச் சரி. கணக்கு அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். தேநீர் வந்தது. நான் மட்டும் "பொதுக் கூட்டத்தில் கேட்டுவிட்டு முடிவெடுப்போமே" என்றேன். அதனால்தான் சனிக்கிழமை உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

குலுக்கலின் மார்க்கச் சட்டத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. காசு கட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் சைக்கிள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்கு என்ன பெயர் என்று நாலாம் வகுப்பு இஸ்லாம் பாடம் படித்த பிள்ளையே சொல்லும். அந்தப் பாடத்தைக் காலையில் படிப்பித்துவிட்டு இன்டர்வலுக்குப் பிறகு டிக்கட் புத்தகத்தை நீட்ட என்னால் ஏலாது. குலுக்கல் இல்லாமல் வெறும் நன்கொடை டிக்கட்டாக அடிக்கலாம் என்று அடுத்த யோசனை வரும். எனக்கு அதுவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கல்வியியல் கல்லூரி முடித்து முதல் நியமனம் கிடைத்த பாடசாலையிலிருந்து வேறொரு பாடசாலைக்கு மாறியிருந்த காலம். 2022. அந்த வருடம் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. காகிதம் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைப் பிற்போட்டார்கள். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஒரு கொப்பியின் விலையைக் கேட்டு வாப்பாமார் கடை வாசலில் நின்று யோசித்த வருடம் அது. அந்த வருடத்தில்தான் எங்கள் வகுப்பறை அபிவிருத்தி வட்டம் வகுப்புக்கு நிறம் பூச, மின்விசிறி போட என்று பிள்ளைக்கு 200 ரூபாய் தீர்மானித்தது. பெரிய காசு இல்லைதானே என்று எல்லோரும் நினைத்தோம். சேர்க்கும் பொறுப்பு வகுப்பாசிரியையான எனக்கு.

இரண்டு கிழமை போனது. ஒன்பது பேர் தரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒன்பது பேரின் பெயரையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன். திட்டவில்லை, அடிக்கவில்லை. பெயரை மட்டும் எழுதினேன். தந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக அழித்தேன். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகக்கூட இருந்தது. கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சியது. பிறகு ஒன்று.

அந்த ஒரு பெயருக்குரிய பிள்ளை நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் பாடசாலை விட்டு வீடு தேடிப் போனேன். கடற்கரைப் பக்கம், வாப்பா கரைவலைக்குப் போகிறவர். வாசலில் என்னைக் கண்டதும் உம்மாவுக்குப் பயம். "என்ன டீச்சர், இவன் வகுப்புல குழப்படியா?" என்றார். நான் ஏன் பிள்ளை வரவில்லை என்று கேட்டேன். "இல்லையே டீச்சர், ஒவ்வொரு நாளும் உடுத்துக்கிட்டுப் போறானே" என்றார். பிள்ளை வெள்ளைச் சேர்ட்டும் பையுமாக வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மூத்தவாப்பா வலை பொத்தும் வாடியில் போய் இருந்திருக்கிறான். ஒன்றரை மணிக்கு மற்றப் பிள்ளைகள் வரும்போது அவர்களோடு சேர்ந்து வீட்டுக்கு வந்திருக்கிறான். வீட்டில் 200 ரூபாய் கேட்கவேயில்லை. கேட்டால் இல்லை என்று சொல்வதற்கு உம்மா கஷ்டப்படுவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பது வயது.

அந்த உம்மா உள்ளே போய் ஒரு டின்னைத் திறந்து சில்லறையும் தாளுமாக எண்ணி 200 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறியது. "ஏன் டீச்சர், எங்கட காசு எடுபடாதா?" என்றார். வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் கரும்பலகையில் அவன் பெயரை அழித்தேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை இத்தனை நாள் நான் எங்கும் எழுதியதில்லை. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவுமில்லை. சுற்றறிக்கையில் இல்லை, அதிபர் சொல்லவில்லை. காசு சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்ததும், இலகுவான வழியாக எனக்குத் தோன்றியது அதுதான். டிக்கட் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்தால் 412 பிள்ளைகளுக்கும் இதுதான் நடக்கும் என்பது என் பயம். ஒருவன் 20 டிக்கட்டையும் வாப்பாவின் கடையில் ஒரே நாளில் முடித்துவிட்டு இன்னொரு புத்தகம் கேட்பான். இன்னொருத்தி யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு அதைப் பையின் அடியில் ஒளித்து வைப்பாள். வகுப்பாசிரியர் ஒவ்வொரு காலையும் "எத்தனை வித்த?" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும், அவருக்கும் மேலிருந்து கேட்பார்கள்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் என்றால் மூன்று புத்தகம், 6,000 ரூபாய். அஸ்வெசும எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கொப்பி, பென்சில் வாங்க அரசாங்கம் கொடுக்கத் தீர்மானித்த தொகையும் 6,000தான். ஒரு பிள்ளைக்கு அந்தக் கையால் கொடுத்ததை இந்தக் கையால் வாங்கியது போல ஆகிவிடும்.

பொருளாளர் சேர் நல்ல மனிதர். அவருடைய பக்கத்தையும் சொல்ல வேண்டும். "டீச்சர், வற்புறுத்தாட்டி யாரும் தர மாட்டாங்க. நான் பதினஞ்சு வருஷமா பாக்குறன்" என்கிறார். அதில் உண்மை இருக்கிறது. கல்யாணத்துக்கு இலட்சக் கணக்கில் செலவழித்துவிட்டுப் பாடசாலை என்றதும் "இலவசக் கல்விதானே" என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வற்புறுத்தினால் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பணக்காரர் அப்போதும் தரமாட்டார், அவருக்கு வெட்கம் இல்லை. கரைவலைக்காரரின் மனைவிதான் டின்னைத் திறப்பார்.

இலவசக் கல்வி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னங்கரா 1945இல் அதைக் கொண்டுவந்தபோது பிள்ளை கட்டணம் கட்டாமல் படிக்கும் உரிமை கிடைத்தது. பிறகு புத்தகம், சீருடை எல்லாம் சேர்ந்தன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது. கட்டடமும் பராமரிப்பும் எங்களைப் போன்ற மாகாணப் பாடசாலைக்கு மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பு. கற்றல் உபகரணத்துக்குத் தர உள்ளீட்டு நிதி வருகிறது. போதாது, பிந்தி வருகிறது, அது வேறு கதை. ஆனால் எங்கள் மூன்றரை இலட்சத்தில் எது அரசாங்கத்தின் வேலை, எது எங்கள் வேலை என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெடித்த தாங்கிக்கும் கதவில்லாத மலசலகூடத்துக்கும் போட்டோ எடுத்து, அளவு போட்டு, வலயத்துக்கு எழுத்தில் கொடுத்தோமா என்று கேட்டேன். "போனில் சொன்னோம்" என்றார்கள். போனில் சொன்னது கோவையில் ஏறாது. அடுத்த வருடத் திட்டத்தில் வர வேண்டுமென்றால் கடிதம் வேண்டும், பிரதி வேண்டும், கொடுத்த திகதி வேண்டும்.

"அப்படியென்றால் காசு சேர்க்கவே வேண்டாம், அரசாங்கமே செய்யட்டும்" என்று சில தம்பிமார் சொல்வார்கள். பேசுவதற்கு நல்லது. ஆனால் நான் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், வெட்கப்படாமல் எழுதுகிறேன். கதவில்லாத மலசலகூடத்துக்குப் போக வேண்டிவரும் என்று காலையிலிருந்து ஒன்றரை மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருவதேயில்லை. வரவு இடாப்பைப் பார்த்தால் எந்த நாட்கள் என்று எனக்கே விளங்கும். இதற்கு அடுத்த வருடத் திட்டம் வரும் வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் கடிதமும் போக வேண்டும், கதவும் போட வேண்டும்.

ரிசோ மெஷின் இந்த வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. இதற்குச் சில ஆசிரியர்களே என்னோடு கோபிப்பார்கள். ஆனால் மூன்றரை இலட்சத்தில் சரி பாதி அதுதான். அது பாவித்த மெஷின், எத்தனை நாள் ஓடும் என்று விற்கிறவருக்கே தெரியாது. மாதத்துக்கு எத்தனை வினாத்தாள் அடிக்கிறோம், அதில் எத்தனை உண்மையில் தேவை என்று முதலில் எண்ணுவோம். ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு கிழமையில் ஐந்து மாதிரி வினாத்தாள் கொடுத்தால்தான் புலமைப்பரிசில் கிடைக்கும் என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

அப்படியென்றால் மிச்சம் 175,000. இதற்கு என்ன வழி?

உணவுச் சந்தை வைக்கலாம் என்று தாய்மார் சிலர் சொல்கிறார்கள். போன முறை வைத்தோம், ஞாபகம் இருக்கும். சம்சா, ரோல்ஸ், கட்லட், வட்டிலப்பம், கொத்து, நன்னாரி சர்பத். சேர்ந்தது 86,000 ரூபாய் என்று அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினோம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் 14,500 போனது. கையில் 71,500. நான் அன்றிரவு இருந்து எண்ணிப் பார்த்தேன். நாற்பது தாய்மார் சமைத்துக் கொண்டுவந்தார்கள். இறைச்சி, மா, முட்டை, எண்ணெய், கேஸ் என்று ஆளுக்கு 1,800 ரூபாயாவது போயிருக்கும். 72,000. அதாவது பாடசாலைக்கு 71,500 கிடைக்க, தாய்மார் 72,000 செலவழித்து, இரண்டு இரவு தூக்கம் விட்டு, பிறகு அவர்களே வந்து காசு கொடுத்து ஒருவர் சமைத்ததை மற்றவர் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். அந்த 1,800ஐ ஒரு உறையில் போட்டுத் தந்திருந்தால் 500 ரூபாய் அதிகமாகவே கிடைத்திருக்கும்.

இதை ஒரு ராத்தாவிடம் சொன்னேன். "என்னகா டீச்சர், அண்டைக்கு எவ்வளவு சந்தோசமா இருந்த" என்று சிரித்தார். அவர் சொன்னதும் சரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சர்பத் விற்று மிச்சக் காசு எண்ணிக் கொடுத்ததைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. சந்தை வைப்போம், பிள்ளைகளுக்காக வைப்போம். மலசலகூடம் கட்டும் வழி என்று நினைத்து வைக்க வேண்டாம். உண்மையில் காசு வர வேண்டுமென்றால் வெளியில் இருந்து ஆள் வந்து வாங்க வேண்டும், மூலப்பொருளை யாராவது கடைக்காரர் இனாமாகத் தர வேண்டும். எங்களுக்குள்ளேயே விற்று வாங்கினால் காசு ஊரைச் சுற்றி வருமே தவிர வளராது.

இன்னொரு விடயம், காலம். எங்கள் பெற்றோரில் அதிகம் பேர் வேளாண்மைக்காரர்கள், கடல் தொழிலாளர்கள், கூலி வேலை செய்கிறவர்கள். நாங்கள் காசு கேட்பது எப்போது? புது வகுப்புத் தொடங்கிய கையோடு. அப்போது வயலில் கதிர் முற்றியிருக்காது. உரக் கடைக்குக் கடன், உழவு மெஷினுக்குக் கடன், காப்பு அடகில். வாடைக் காற்றுக்குக் கடல் குழப்பம், தோணி கரையில். வீட்டில் ஆகக் குறைந்த காசு இருக்கும் மாதங்களைத் தேடிப் பிடித்தது போல நாங்கள் கேட்கிறோம். பிறகு தரவில்லை என்று குறை சொல்கிறோம். மகா போக அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வந்த பிறகு கேட்டுப் பாருங்கள். கடல் அமைதியாகிக் கரைவலை இழுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் கேளுங்கள். மாதச் சம்பளக்காரரிடம் எப்போதும் கேட்கலாம், என்னிடமும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் அறுவடை நேரம் சங்கத்து ஆட்கள் ஒரு டிரெக்டர் பெட்டியோடு களம் களமாகப் போனார்கள். காசு கேட்கவில்லை. "பாடசாலைக்கு ஒரு வாளி நெல்" என்று மட்டும் கேட்டார்கள். ஒரு வாளி நெல் கொடுக்க மாட்டேன் என்று களத்தில் நிற்கும் எந்த வேளாண்மைக்காரரும் சொல்ல மாட்டார். சிலர் வாளிக்குப் பதிலாக மூடையே தூக்கிப் போட்டார்களாம். சேர்ந்ததை அன்றைய விலைக்கு ஆலையில் கொடுத்து ஓட்டுக் கூரையைத் திருத்தினார்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அறுவடைக்கு இன்னும் மூன்று நாலு கிழமை இருக்கிறது.

எங்கள் உம்மம்மாவின் அடுப்படியில் ஒரு பழைய பால்மா டின் இருந்தது. உலை வைக்க அரிசி அளந்ததும் ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். பிடியரிசி. கிழமைக்கு ஒரு நாள் ஓதல் பள்ளிக்காக ஒருவர் வந்து எடுத்துப் போவார். தமிழ்ச் சகோதரர்களின் ஊர்களிலும் இதே பழக்கம் இருந்ததாக அங்கே படிப்பிக்கும் என் சிநேகிதி சொல்வார். சில கட்டடங்கள் அப்படித்தான் எழும்பின. இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? உம்மம்மா எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கஷ்டமான நாளில் பிடி சிறுத்திருக்கும், போடாமலே விட்டிருப்பார். வந்தவர் டின்னைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், கேட்க மாட்டார்.

எங்கள் சமூகத்தில் கல்விக்குக் காசு சேர்த்தது புதிய விடயமே இல்லை. 1892இல் கொழும்பில் ஸாஹிறா தொடங்கியபோது சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் இன்னும் பலரும் கையிலிருந்ததைப் போட்டும் கேட்டும்தான் தொடங்கினார்கள். எங்கள் கரையோரத்துக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவை உத்தியோகத்தராகக் கல்முனைக்கு 1942இல் வந்தார், யுத்த காலம், உணவு உற்பத்தியைக் கூட்டுவது அவருடைய வேலை. வந்த இடத்தில் படிக்க வசதியில்லாத பிள்ளைகளைக் கண்டு இங்கே ஒரு கல்விச் சங்கம் ஏற்படுத்தினார். பிறகு 1945இல் முழு நாட்டுக்குமாக முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியைத் தொடங்கினார். இருப்பவரிடம் வாங்கி, இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கும் நிதி அது. நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிள்ளையை அனுப்பி எல்லோரிடமும் வாங்கி வரச் சொல்கிறோம்.

ஸகாத்தில் எடுக்கலாமே என்றும் கேட்டார்கள். ஸகாத்துக்கு உரியவர்கள் யார் என்பது குர்ஆனில் வகுக்கப்பட்ட விடயம். மதிலுக்கும் மெஷினுக்கும் அதைப் போடுவதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. ஆனால் ஏழைப் பிள்ளையின் சப்பாத்து, பஸ் காசு, கண்ணாடி எல்லாம் வேறு. அதற்கு ஒரு முறை பள்ளிவாசல் ஸகாத் குழுவோடு எங்கள் வகுப்பாசிரியர்கள் இருந்து பெயர்களை மறைவாகக் கொடுத்தால் நல்லது. மலசலகூடம் ஸதகாவுக்குப் பொருத்தமானது. மேலதிகமாக மௌலவியிடம் கேளுங்கள், நான் கணித டீச்சர்.

இனி வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள். கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்து அனுப்புகிறார்கள், அல்லாஹ் பரகத் செய்யட்டும். ஆனால் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் எதற்குக் காசு சேருகிறது என்று பாருங்கள். நுழைவாயில் வளைவுக்குச் சேர்ந்தது. ஏனென்றால் வளைவில் பெயர் பதிக்கலாம், ட்ரோனில் வீடியோ எடுக்கலாம். மலசலகூடக் கதவில் யாருடைய பெயரையும் பதிக்க முடியாது. எங்கள் பாடசாலைக்கு வாசலில் பளிங்கு வளைவு இருக்கிறது, உள்ளே தண்ணீர் இல்லை. தம்பிமாரே, தாங்கி ஒன்று 65,000 ரூபாய். வேண்டுமானால் தாங்கியில் உங்கள் பட்ச் பெயரைப் பெரிதாக எழுதித் தருகிறேன், நானே ஏணி வைத்து ஏறி எழுதுவேன்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது என்றும் நினைக்கிறேன். அப்போது நான் சிறு பிள்ளை. கூடாரத்துக்குள் படித்தோம். பை வந்தது, கொப்பி வந்தது, பிறகு கட்டடம் வந்தது. அந்தக் கஷ்டத்தில் அது தேவைப்பட்டது, தந்தவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு குழாய் உடைந்தாலும் எந்த நிறுவனத்துக்கு ப்ரொபோசல் எழுதலாம் என்று யோசிப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பெற்றோருக்குள்ளேயே நாலு ஓடாவிமார், ஆறேழு மேசன்மார், ஒரு பிளம்பர் இருக்கிறார்கள். நான் வகுப்பு இடாப்பில் வாப்பாவின் தொழில் என்ற நிரலைப் பார்த்து எண்ணினேன். ஒரு ஓடாவி காக்காவிடம் போய்க் கேட்டேன். "பலகையும் பிணைச்சலும் வாங்கித் தாங்க டீச்சர், வெள்ளிக்கிழமை ஜும்ஆக்குப் பொறகு வந்து போட்டுத் தாறன்" என்றார். இரண்டு கதவுக்குச் சாமான் மட்டும் 20,000 போகாதாம். அந்த 110,000 மதிப்பீட்டில் கூலி எவ்வளவு என்று இப்போது உங்களுக்கு விளங்கும். ஒரு நாள் கூலியை விட்டுத் தருவதும் அவருக்குப் பெரிய காசுதான், அதைக் கணக்கில் நன்கொடையாகவே எழுத வேண்டும். 500 ரூபாய் தர முடியாத வாப்பா ஒரு நாள் வந்து மண் வெட்டிக் கொடுத்தால் அவரும் தந்தவர்தான். பிள்ளைக்கும் வாப்பாவைப் பாடசாலையில் காண்பது பெருமை.

இந்த வேலையாட்களின் உதவியோடு 175,000ஐ ஒரு இலட்சத்துச் சொச்சத்துக்கு இறக்கலாம் என்று நினைக்கிறேன். நெல், பழைய கொப்பி கடதாசி சேர்த்து விற்பது, தாங்கிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள், மிச்சத்துக்கு மூடிய உறை. உறை பெரியவர்களின் கைக்குப் போக வேண்டும், பெரியவர்களின் கையிலிருந்து வர வேண்டும். பெயர் எழுதக் கூடாது. வெறும் உறை வந்தாலும் யாருடையது என்று தெரியக் கூடாது. பழைய கடதாசியில் பெரிய காசு வராது, ஆனால் அதைப் பிள்ளைகள் செய்யலாம், ஏனென்றால் எல்லா வீட்டிலும் பழைய கொப்பி இருக்கும். (பரீட்சை விடைத்தாளையும் சேர்த்து விற்றுவிடாதீர்கள். பிறகு சம்சா சுற்றி வரும்போது பிள்ளையின் புள்ளியை ஊர் வாசிக்கும்.)

கணக்கு. இதை எழுத எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒவ்வொரு பொதுக் கூட்டத்திலும் "கணக்கறிக்கை வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பதிவாகும். எத்தனை பேருக்கு அந்த வாசிப்பு விளங்கியது? யாரும் களவு எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, எங்கள் பொருளாளர் தன் பெட்ரோலுக்குக்கூட காசு எடுக்காதவர். ஆனால் தெரியாத இடத்தில் ஊர் தானாகக் கதை கட்டும். போன சந்தைக் காசில் என்ன செய்தார்கள் என்று மீன் சந்தையில் இரண்டு கதை ஓடுகிறது. என் காதாலேயே கேட்டேன், இரண்டும் பொய். ஒரு தாளில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் மாதா மாதம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால், பற்றுச்சீட்டின் பிரதியையும் கீழே வைத்தால், பாதிக் கதை நின்றுவிடும். எழுதி ஒட்டும் வேலையை நான் பொறுப்பெடுக்கிறேன். வாசிக்கத் தெரியாத மூத்தம்மாருக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும், கணிதப் பயிற்சியும் ஆகும்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பிரதான மண்டபத்தில் கூட்டம். நான் டிக்கட் புத்தகத்துக்கு எதிராகப் பேசுவேன், தோற்றாலும் பேசுவேன். தாய்மார் கட்டாயம் வாருங்கள். போன தடவை நூறு பேரில் எழுபது பேர் தாய்மார், பேசியது மூன்று வாப்பாமார். கைக்குழந்தை இருக்கிறவர்கள் அதற்காக நிற்க வேண்டாம், முதலாம் வகுப்பறையில் பாய் விரித்து இரண்டு ஆசிரியைகள் பார்த்துக்கொள்வார்கள். வேளாண்மைக்காரர்கள் யாராவது டிரெக்டர் பெட்டி தர முடியுமென்றால் கூட்டத்துக்கு முன்னமே எனக்குச் சொல்லுங்கள். பிளம்பர் தம்பியை நான் இன்னும் பிடிக்கவில்லை, அவருடைய வீட்டுப் பக்கம் இருப்பவர்கள் டீச்சர் தேடுகிறார் என்று சொல்லிவிடுங்கள்.